உடன்பிறந்தவர்கள் கிடைக்கவில்லை

என் மனைவியைப் பற்றி அச்சில் வந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்தில், ஒரு மருத்துவப் பத்திரிகையில், நாலு பக்கம். அவள் பெயர் அதில் இல்லை. அவள் இறந்து ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு எஸ்டேட் தபால் பையில் அது எனக்கு வந்து சேர்ந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. குமுளிக்கு மேற்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். கம்பெனிக்குப் போகும் கடிதங்களை டைப் அடிப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்தக் கடிதங்களில் கற்றதுதான். மனைவியின் வீடு ஆனைக்கரையில். மாமனாருக்கு அங்கே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. அவர் தன் சொந்த அக்காள் மகளைக் கட்டியவர். அவர்களுக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்தார்கள். இளையவள் பத்தாவது முடித்துவிட்டு வீட்டோடு இருந்தாள்.

கல்யாணமானபின் இரண்டு முறை கரு தங்கியது. இரண்டும் வயிறு தெரியும் முன்னே போய்விட்டன. அதற்குப் பிறகு அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. டீ கொண்டு வரும்போது தட்டில் டம்ளர் கிணுகிணுக்கும். அவளே சிரிப்பாள். "ஏங்க, எனக்கு இப்பவே வயசாயிருச்சு" என்பாள். சிரிப்பு சில மாதம்தான் இருந்தது. நாக்கு குழறத் தொடங்கியது. வாயோரம் எச்சில் வழிந்தது. ஒரு சொல் உரக்கப் பேசாதவள் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தாள், எறிந்துவிட்டு அழுதாள். தொழிலாளர் லயத்துப் பெண்கள் என்னிடம் நேரே சொல்லாமல், வண்டிப்பெரியாற்றில் மந்திரிக்கிற ஒருவர் இருப்பதாகப் பொதுவாகப் பேசிக்கொண்டார்கள். அங்கேயும் போனோம்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் ரத்தம் போதாது என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மலை இறங்கிக் கம்பத்தில் ஒரு வைத்தியர். அவர் நாடி பார்த்தார், அட்டை பிய்ந்த ஒரு புத்தகத்தை எடுத்து நடுக்கு வாதத்துக்கான பாட்டை ராகத்தோடு சொன்னார். அந்தக் காலத்து வைத்தியப் பாட்டுகள் ஒரு பெண்ணை விளித்து, அவளுக்குச் சொல்வதுபோலவே நோயையும் மருந்தையும் சொல்லும். மானே, தேனே என்று வரும். அந்த விளி வந்தபோதெல்லாம் என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பல வாரங்களாக எல்லோரும் அவளைப் பற்றி என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ தன்னைக் கூப்பிட்டுப் பேசுவதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் கொடுத்த தைலத்துக்கு நோய் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வைத்தியரிடம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

கடைசியில் மேற்கே, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் அவளால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. நான் அவளைச் சேலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மலை இறங்கினேன்.

அங்கே ஒரு இளம் டாக்டர், மலையாளி, அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு வேறொரு அறைக்குக் கூட்டிப்போய், தாடையை ஒரு மேடையில் வைக்கச் சொல்லி, ஒரு கருவி வழியாகப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் இருந்ததாம். உடம்புக்குள் போகும் செம்பை வெளியேற்றத் தெரியாமல் ஈரலிலும் மூளையிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும் நோய் இது என்றார். பிறவியிலேயே வருவது. மிக அபூர்வம். மறுநாளிலிருந்து மாணவர்கள் வரிசையாக வந்து அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எல்லாரும் என்னத்தப் பாக்குறாக?" என்று கேட்டாள். அந்த ஒரு வாக்கியம் வெளியே வர அவள் பட்ட பாடு.

"உன் கண்ணு அழகா இருக்காம்" என்றேன்.

அவள் அதை நம்பவில்லை. ஆனால் அடுத்து வந்த பையன்களுக்கு இமையை நன்றாகவே திறந்து காட்டினாள்.

அந்த நோய்க்கு ஒரு மாத்திரை உண்டு. அது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். டாக்டர் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். எஸ்டேட் மேனேஜரிடம் நான் கெஞ்சி, அவரும் கொச்சியில் யாரிடமோ சொல்லி வைத்தார். மாத்திரை வந்தபோது அவளால் விழுங்க முடியவில்லை. கஞ்சியே மூச்சுக்குழலில் போயிற்று. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மாமியார் பக்கத்திலேயே இருந்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் நர்ஸ் வந்து துணியை இழுத்து மூடினார்.

அதற்கு முன்பே ஒரு நாள் டாக்டர் என் மாமனாரிடம் இளையவளைப் பற்றி வராந்தாவில் பேசியிருந்தார். "இவள்டெ அனியத்தி உண்டல்லோ? அவளெயும் நோக்கணும். ரத்தம் எடுக்கணும்." மாமனார் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் என்னிடம் சொன்னார்: "ஒருத்தி இங்க படுத்துக் கெடக்கா, அது பத்தாதா? நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாப்ள ரத்தம் எடுக்கணும்?" அன்றே இளையவளை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது கட்டிலில் கிடந்தவளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

தபாலில் வந்த நாலு பக்கத்தோடு டாக்டர் ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். படித்துப் பார்க்கவும், மனைவியின் தங்கையைக் கட்டாயம் கூட்டி வரவும் என்று எழுதியிருந்தார். ஆபீஸில் மற்றவர்கள் சாப்பிடப் போனபின் படிக்க ஆரம்பித்தேன்.

இருபத்தாறு வயது இந்துக் குடும்பப்பெண் என்று தொடங்கியது. சொந்தத்துக்குள் நடந்த திருமணத்தில் பிறந்தவர். கை நடுக்கம் என்று "கம்ப்ளெயின்ட்" செய்தார். எங்கள் ஆபீஸில் கம்ப்ளெயின்ட் என்றால் யார் மேலாவது பிராது கொடுப்பது. அவள் யார் மேலும் பிராது கொடுத்தவள் இல்லை. நாலு வரி தள்ளி, மதுப்பழக்கத்தை "மறுத்தார்" என்றிருந்தது, ஏதோ போலீஸ் விசாரணை நடந்ததுபோல. அதற்கும் கீழே, இரண்டு அபார்ஷன்.

நான் டைப்ரைட்டர் மேல் தலையைக் கவிழ்த்துவிட்டேன். அபார்ஷன் என்றால் அந்த நாளில் எங்களுக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: வேண்டாம் என்று போய்க் கலைத்துக்கொள்வது. இரண்டு முறையும் அவள் பழந்துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் கண்டவன். டாக்டர்களின் எழுத்தில் தானாகப் போவதற்கும் அதே சொல்தான் என்று பின்னால் அந்த டாக்டரே எனக்கு விளக்கினார். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. செத்துப்போனவள் மேல் ஊருக்கெல்லாம் தெரியும்படி ஒரு பழியை அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அவள் "எக்ஸ்பயர்ட்" ஆனாள். காலாவதியான லாரி லைசென்ஸுக்கு நான் டைப் அடிக்கிற சொல் அது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு படம். கை நடுக்கத்தைக் காட்டுவதற்காக அவளை ஒரு தாளில் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் படமாகப் போட்டிருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் அச்சுக் கோத்திருக்க வேண்டும், தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். தாளைத் திருப்பிப் பிடித்துப் படித்தேன். எறும்பு ஊர்ந்ததுபோலக் கோணிக் கோணி, "அம்மா எங்க போச்சு" என்று எழுதியிருந்தாள். மாமியார் வெந்நீர் வாங்க வெளியே போயிருந்த நேரமாக இருக்கும்.

அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது: உடன்பிறந்தவர்கள் பரிசோதனைக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையா? வாரம் தவறாமல் தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, அக்காவின் தலையைப் பின்னிவிட்டுப் போனவள் அவள். கடைசிப் பக்கத்தில், இப்படிப்பட்ட குடும்பங்களில் நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வரக்கூடும் என்றும், வெளியே எதுவும் தெரிவதற்கு முன்னே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் அவர்கள் நோயில்லாமலே வாழலாம் என்றும் எழுதியிருந்தது. டாக்டர்கள் டாக்டர்களுக்கு எழுதிக்கொண்ட விஷயம். ஆனைக்கரையில் ஒருவருக்கும் இது தெரியாது. அந்தப் பெண்ணுக்கு மலைக்குக் கீழே தேவாரம் என்ற ஊரில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தார்கள்.

நான் அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதலில் உள்ளபடியே எழுதினேன். படித்துப் பார்த்தபோது ஏதோ குற்றப்பத்திரிகை போல இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். "கம்ப்ளெயின்ட்" செய்தார் என்ற இடத்தில் "கை நடுங்குதுன்னு சொன்னா" என்று எழுதினேன். அபார்ஷனை "கரு தங்கவில்லை" என்றாக்கினேன். சொந்தத்துக்குள் திருமணம் என்பதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் தங்கைக்கு ஏன் வரும் என்பது புரியாது. எழுதினால் மாமனார் தாங்க மாட்டார். எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனைக்கரைக்குப் போனேன். மாமனாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மாமியாருக்கு அதுவும் வராது. "நீ வாசிம்மா" என்று மாமனார் இளையவளிடம் நீட்டினார். நான் தடுக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். உடன்பிறந்தவர்கள் பற்றிய இடம் வந்தது. குரல் மாறவில்லை. அந்த வரியையும் முடித்து, அடுத்ததையும் முடித்து, தாளை மடித்து அப்பா கையில் கொடுத்துவிட்டு அடுப்பில் இருந்த பானையை இறக்கப் போனாள்.

மாமனார் தாளைப் பிரித்து விரலால் தடவினார். பிறகு, "எங்க அக்கா மகளக் கட்டுனது குத்தம்னு எழுதியிருக்கானா?" என்றார்.

"குத்தம்னு இல்ல மாமா. ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் கோளாறு ஒளிஞ்சு இருந்தா பிள்ளைக்கு வரும். சொந்தத்துல கட்டுனா அப்படி அமையுறதுக்கு வாய்ப்பு சாஸ்தி."

"செம்புன்னீங்க. வீட்டுல குடிக்கிற தண்ணி செம்புப் பானையிலதான இருக்கு?"

"அதுனால வரல மாமா."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீக." அவர் எழுந்து நின்றார். "இந்தக் காகிதம் மலைக்குக் கீழ தெரிஞ்சா என் பிள்ளைய எவன் கட்டுவான்? ஒருத்திய உங்ககிட்டக் குடுத்தேன். இவளையாவது வாழ விடுங்க." தாளை அடுப்பில் போட்டார். இளையவள் அப்போது அடுப்புப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை.

மாமியார் மட்டும் என் கையிலிருந்த ஆங்கிலப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல என்னமோ கிறுக்கி இருக்கே, அது என்ன?" என்றார். நான் சொல்லத் தயங்கினேன். இளையவள் வந்து வாங்கி, தலைகீழாகத் திருப்பி, அக்காவின் எழுத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். மாமியார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. "நான் சுடுதண்ணிக்குத்தான் போனேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் திரும்பி வந்தேன். அடுத்து வந்த நாட்களைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. மெடிக்கல் காலேஜுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், அரசாங்க முத்திரை போட்டு அனுப்புங்கள் என்று கேட்டேன். "எனிக்கு அதினு அதிகாரம் இல்ல" என்றார் அவர். வராத நோயாளியைப் பிடித்துவரச் சட்டம் இல்லையாம். அவருக்கும் வருத்தம்தான். தேவாரத்து மாப்பிள்ளை வீட்டுக்கே நேராகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்து, குமுளி பஸ் ஸ்டாண்டு வரை போய், கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் கிளம்பும்போது இறங்கிவிட்டேன். சொன்னால் கல்யாணம் நிற்கும், அதற்குப் பிறகு அவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்பது என்ன நிச்சயம்? சொல்லாவிட்டால் இன்னும் சில வருடத்தில் அவள் கையிலும் டம்ளர் கிணுகிணுக்கும். ஆபீஸில் கடிதம் அடிக்கும்போது தப்புத் தப்பாக விழுந்தது. மேனேஜர் திருப்பி அனுப்பினார்.

ஏலக்காய் பறிப்பு முடியும் சமயத்தில் ஒரு காலை, மாமியாரும் இளையவளும் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு துணிப்பை.

"கல்யாணச் சேலை எடுக்கப் போறோம்னு சொல்லிட்டு வந்தோம்" என்றார் மாமியார். "அந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"மாமா கேட்டா?"

"கேக்கட்டும். நான் அவருக்கு வாக்கப்பட்டதுல வந்த சீக்குன்னா, நான்தான அதப் பாக்கணும்."

பஸ்ஸில் இளையவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். முண்டக்கயம் தாண்டியதும் என்னிடம் கேட்டாள்: "மச்சான், அக்காவுக்கு ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு? அந்தக் காகிதத்துல எழுதாம விட்டது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க." நான் டம்ளர் கிணுகிணுத்ததைச் சொன்னேன். அவள் தன் கையை நீட்டிப் பார்த்தாள். பஸ் குலுங்கியதில் எல்லோருடைய கையும் நடுங்கித்தான் இருக்கும். மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அதே கருவிக்கு முன்னால் அவளை உட்காரவைத்தார். நான் கதவோரம் நின்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவிழியின் மேல்விளிம்பில் மட்டும் பிறைபோல ஒரு கீற்று இருந்ததாம். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். முடிவு வருவதற்குக் காத்திருந்த நாட்களில் மாமியார் அந்த ஆஸ்பத்திரி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மூத்தவளோடு இருந்த காலத்தில் தேய்த்துத் தேய்த்து அவருக்குப் பழகிப்போன அதே சிமெண்டுத் தொட்டியில் துணி துவைத்தார்.

நோய் இருந்தது. டாக்டர் இந்த முறை மலையாளத்தை விட்டுவிட்டு, தெரிந்த தமிழில் நேராக அவளிடமே சொன்னார். "நீ சாகறதுக்கு வேண்டி வரல்ல. நீ நேரத்தோடே வந்தாச்சு. ஜீவிதம் முழுசும் மருந்து திங்கணும். நிறுத்தக் கூடாது."

"மருந்து எங்க கிடைக்கும்?" என்று அவள் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் மனைவிக்காக வந்து, அவள் விழுங்காமல் போன மாத்திரைகள் அவர் மேஜை இழுப்பறையில் இருந்தன. அவற்றை எடுத்துக் கொடுத்தார். அது சில மாதங்களுக்குத்தான் காணும்.

கல்யாணம் நின்றது. யாரும் போய்ச் சொல்லவில்லை. தேவாரத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு எனக்குச் சொல்லி விடவில்லை. மாமியார் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, வேளை தவறாமல் மாத்திரையைக் கொடுத்தார். செம்புப் பானையை, அதனால் இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும், விற்றுவிட்டார்.

மாத்திரைக்காக நான் எழுதிய கடிதங்கள் கொஞ்சமல்ல. வெளிநாட்டில் மகன் இருந்த ஒரு தோட்ட முதலாளிக்கு, ரோமுக்குப் போகவிருந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு, கப்பலில் வேலை பார்த்த ஒருவருக்கு. அந்தக் கடிதங்களில் நானும் டாக்டரைப் போலவே எழுதக் கற்றேன்: வயது, நோயின் பெயர், எவ்வளவு தேவை, எவ்வளவு நாளைக்கு. அழுது எழுதினால் ஆறுதல் சொல்லிப் பதில் வந்தது. சுருக்கமாக எழுதியபோதுதான் மருந்து வந்தது. அதுவும் ஒரு சமயம் தீர்வதற்குள் வரும், ஒரு சமயம் தீர்ந்த பின்தான் வரும். வராத வாரங்களில் இளையவள் காலையில் எழுந்ததும் கையை நீட்டிப் பார்ப்பாள் என்று மாமியார் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஆடி மழையில் மண் சரிந்து மேற்கே போகும் ரோடு அடைந்துவிட்டது. கொச்சியிலிருந்து வந்த பார்சல் பீருமேட்டுக்கு இந்தப் பக்கம் வரமுடியாமல் கிடப்பதாக ஆபீஸுக்குத் தகவல் வந்தது. மாமனார் வீட்டில் மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆனைக்கரைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு, ரோடு திறக்கக் காத்திருந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமனார் என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். முழங்கால் வரை சேறு. சரிவுகளின் மேலே ஏறி நடந்து போய் வாங்கி வந்திருக்கிறார். சட்டைக்குள்ளிருந்து பார்சலை எடுத்துத் துண்டால் துடைத்தார். அது நனையவில்லை.

"உள்ள வாங்க மாமா" என்றேன்.

அவர் வரவில்லை. "இது போன தடவ வந்த மாதிரி இல்ல. டப்பா வேறயா இருக்கு. எல்லாம் இங்கிலீசுல போட்டிருக்கான். சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா, எத்தனைன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிருவேன்."

டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மாத்திரையில் மருந்தின் அளவு போன முறையைவிடப் பாதிதான். இரண்டிரண்டாகக் கொடுக்க வேண்டும், அப்படியென்றால் பாதி நாளில் தீர்ந்துவிடும். அதை அவரிடம் சொன்னேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எழுதுங்க" என்றார்.

வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு வேளைக்கு இரண்டு என்று பெரிய எழுத்தில் எழுதி டப்பாவில் ஒட்டிக் கொடுத்தேன். அவர் வாசலிலேயே நின்று விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சரிதானா என்று என்னைப் பார்த்தார். சரி என்றேன். அதைத் திரும்பவும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் உள்ளே வந்து அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.